மாமாவின் மோதிர விரல்

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கிற என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. அவர்கள் கைபேசியில் மாமாவின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா பாட்டி?" என்று கேட்டு எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் தப்பில்லை. இந்தியாவுக்காக அவர் ஆடிய டெஸ்ட் மேட்ச்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம், விரல் மிச்சமும் இருக்கும். அந்த விரல்களில் ஒன்றைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது. சம்பந்தப்பட்ட எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி சொன்னால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

ஐம்பதுகள் முடிகிற சமயம். எனக்குப் பத்து வயது. பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. கொடியில் உலர்த்திய வெள்ளைத் துணியில் கரித்தூள் படியாத நாள் கிடையாது. அப்பாவுக்கு ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். அம்மாவுக்கும் அவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அவர்களுடைய அப்பா வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சுரங்கத்தில் இறங்கியவர். நெஞ்சில் தூசி அடைத்து நாற்பது வயதில் இறந்துபோனார். அடுத்த வருஷமே அவர் மனைவியும் போய்விட்டார். தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வளர்த்தவள் அம்மாதான். கல்யாணமாகிப் பெங்களூருக்கு வரும்போது அவனும் வருவான் என்று சொல்லித்தான் கழுத்தை நீட்டினாளாம். அப்பா இதை விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டாள்.

மாமாவுக்குத் தொழிற்சாலை ஒன்றின் ஆபீசில் உத்தியோகம். வேலை கிடைத்ததே பந்து போடுவதற்காகத்தான். இரண்டு வருஷமாக மாநில அணியிலும் ஆடிக்கொண்டிருந்தார். மாநிலத்துக்கு அப்போது மைசூர் என்று பெயர். அவர் போட்டது லெக் ஸ்பின். அன்றைக்கெல்லாம் நம் ஊரில் ஆட்டம் மேட்டிங்கில்தான், நினைவிருக்கிறதா? தேங்காய் நாரில் பின்னிய நீளமான பாய். காலையில் அதைச் சுருளாக ஜட்கா வண்டியில் கொண்டுவந்து மைதானத்தின் நடுவில் விரித்து, ஓரமெல்லாம் இழுத்துக்கட்டி ஆணி அடிப்பார்கள். அதில் மாமாவின் பந்து விழுந்தால் பாம்பு தலையைத் தூக்குகிற மாதிரி எழும்பித் திரும்பும். இன்றைக்குத் தொலைக்காட்சியில் நிபுணர்கள் கோடு கோடாகப் போட்டுக் காட்டுகிறார்களே, அந்தத் திருப்பத்தை நான் கோடில்லாமலே பார்த்திருக்கிறேன். மேட்ச் முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அவர் மேல் ஈர நார் வாசம் அடிக்கும்.

அவருடைய வெள்ளைப் பேண்ட்டை அம்மாதான் துவைப்பாள். பந்தைத் தொடையில் தேய்த்துத் தேய்த்து வலது பக்கம் சிவப்பாக ஒரு பட்டை விழுந்திருக்கும். வெந்நீரில் சோடா உப்புப் போட்டு ஊறவைத்துக் கல்லில் அடித்தாலும் அது முழுசாகப் போகாது. "பந்துல சாயத்தப் பூசி விக்கிறவன் பொண்டாட்டி தொவச்சுப் பாக்கணும்," என்று திட்டிக்கொண்டே அடிப்பாள். தம்பி மேட்ச் ஆடுவதை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்த கிரிக்கெட்டெல்லாம் அந்தச் சிவப்புப் பட்டைதான். பட்டை அகலமாக இருந்தால் அன்றைக்கு நிறையப் பந்து போட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

இனி விரலுக்கு வருகிறேன். லெக் ஸ்பின் போடுகிறவருக்குப் பந்தைத் திருகிவிடுவது வலது கை மோதிர விரல். பந்தின் தையல் அதில் உரசி உரசி, மேல் கணுவுக்குப் பக்கத்தில் உள்பக்கமாகத் தோல் தடித்துக் காய்ப்புக் காய்த்துவிடும். மாமாவுக்குப் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. மஞ்சளாக, வழவழவென்று. தீக்குச்சியால் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் கேட்கும். மூக்குத்தித் திருகாணியால் நான் குத்திப் பார்த்திருக்கிறேன். அவருக்குத் தெரியவே தெரியாது.

"இது வர்றதுக்கு ஆறு வருஷம் ஆச்சு பாப்பா," என்பார். "தோல் இருந்தாத்தான் பந்து சுத்தும். தோல் போனா அவ்ளோதான், ஊட்டுக்கு வந்துட வேண்டியதுதான்."

அதைச் செல்லப்பிள்ளையைப் போல வளர்த்தார். ஓரம் பிசிறு விட்டால் பிளேடால் பதமாகச் சீவிவிடுவார். அப்பா சவரத்துக்கு வைத்திருக்கும் படிகாரத்தை எடுத்து ராத்திரி தடவிக்கொள்வார். படிகாரம் கரைந்துகொண்டே போவதைப் பார்த்து அப்பா கடைக்காரரைச் சந்தேகப்பட்டார். இதெல்லாம் எனக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அம்மா அவர் தலையைப் பார்ப்பாள், வயிற்றைப் பார்ப்பாள். கையைக் கவனித்துப் பார்த்தவள் இல்லை.

கவனித்தது அந்தத் தை மாதத்தில்.

மல்லேஸ்வரத்தில் மாமாவுக்குப் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூ வைக்கப் போகவேண்டும். அன்றைக்கே பெண்ணின் அப்பா மாப்பிள்ளை மோதிரத்துக்கு விரல் அளவு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை, ஆண்பிள்ளைகளுக்கு எண்ணெய்க் குளியல். வெளிநாட்டு அணி ஒன்று இந்தியா வந்திருந்தது. அடுத்த வாரம் நம் ஊரிலும் அவர்களுக்கு ஒரு மேட்ச். அதில் நன்றாகப் போட்டால் டெஸ்ட் அணிக்குக் கூப்பிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மேட்ச்சுக்கான பட்டியலில் மாமா பெயர் இல்லை. வேறொரு ஸ்பின்னரை எடுத்திருந்தார்கள். மாமாவுக்கு அடுத்த ஆட்டம் ஒரு மாதம் கழித்துத்தான். இதை மறந்துவிடாதீர்கள். அன்றைக்கு நடந்ததில் யாரும் முட்டாளில்லை என்பதற்கு இது ஒன்றுதான் சாட்சி.

புழக்கடையில் அண்டாவில் வெந்நீர் கொதித்தது. மாமா துண்டோடு பலகையில் உட்கார்ந்திருந்தார். அம்மா தலையில் எண்ணெய் வைத்து முடித்துக் கைக்கு வந்தாள். வலது கையை எடுத்து விரல் விரலாக நீவிக்கொண்டு வந்தவள் நின்றுவிட்டாள்.

"இன்னாடா கை இது?"

"பந்து போடற கைக்கா."

"சொரங்கத்துல ட்ரில் பிடிக்கிறவன் கை மாதிரி கீது. நாளைக்கு மோதிரத்துக்கு அளவு எடுக்கிறப்ப அந்த மனுஷன் இதத்தான பிடிப்பாரு? ஆபீசுல வேலன்னு சொல்லிட்டு மூட்ட தூக்குறவனக் கூட்டியாந்துட்டாங்கன்னு நெனைக்க மாட்டாரு?"

"நான் கிரிக்கெட் ஆடறது அவங்களுக்குத் தெரியும்க்கா."

"தெரிஞ்சா இன்னா? வா, வெந்நீர்ல வை."

பாதம் தேய்க்கிற கல் சுவர் மாடத்தில் இருந்தது. கறுப்பாக, பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்தக் கல். அம்மா அதை எடுத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"நீ தண்ணிய மொண்டு ஊத்து," என்றாள்.

மாமா கையை இழுத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். இழுத்துக்கொள்ளத்தான் போனார். அப்போது அம்மா, வேறு யாருடனோ பேசுகிற மாதிரி, தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"அப்பா கை இப்பிடித்தான் இருக்கும். கன்னத்தத் தொட்டா கீறும். நான் சின்னப் பொண்ணு, ஒரு வாட்டி மூஞ்சியத் திருப்பிக்கினேன். அதுக்கப்புறம் அவரு என்னத் தொடவே இல்லடா. சாவுற வரைக்கும் தொடல. நீ அப்ப கைக்கொழந்த, உனக்கு ஒண்ணும் தெரியாது. இந்தக் கை உனக்கு வரக்கூடாதுன்னுதான உன்னப் படிக்க வெச்சேன்."

அவள் அழுதாளா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, அங்கே ஒரே ஆவி. மாமா கையைத் தளர்த்தி அவளிடம் கொடுத்துவிட்டார். என்னைப் பார்த்து, பேசாதே என்று கண்ணால் சொன்னார். ஒரு மாதம் இருக்கிறது, வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருப்பார். அம்மா சோடா உப்பு போட்ட வெந்நீரில் ஊறவைப்பாள், விளக்கெண்ணெய் தடவுவாள், கல்லால் தேய்ப்பாள், மறுபடி ஊறவைப்பாள். அரை மணி நேரம் ஆயிற்று. நான் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டிருந்தேன். மஞ்சள் தோல் மாவு மாதிரி உதிர்ந்து தண்ணீரோடு சாக்கடைக்குப் போயிற்று.

"பாரு, இதுதான் படிச்சவன் கை," என்றாள் அம்மா. அந்த இடம் பிறந்த குழந்தையின் குதிகால் மாதிரி சிவந்து மெத்தென்று இருந்தது.

மறுநாள் மல்லேஸ்வரம் போனோம். பெண்ணின் அப்பா பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார். லீக் மேட்ச்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவரும் அவர்தான். விக்கெட்டுக்குச் சிவப்பு, சிக்ஸருக்குப் பச்சை என்று கலர் பென்சிலில் எழுதுவார். பெண்கள் எல்லோரும் உள்ளே பெண்ணுக்குப் பூ வைக்கப் போய்விட்டார்கள். நான் கேசரிக்காகக் கூடத்திலேயே மாமா பக்கத்தில் தங்கிவிட்டேன். பெண்ணின் அப்பா நூலோடு வந்து உட்கார்ந்து மாமாவின் வலது கையைப் பிடித்தார். அம்மா பயந்தபடியே விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வெரல்தானே பந்தத் திருப்புது?"

"ஆமாங்க."

"எங்க அது? ஏழு வருஷமா டென்ட்டுல உக்காந்து உங்க ஓவரெல்லாம் எழுதிட்டிருக்கேன் மாப்ளே. காய்ப்பு கொட்டை மாதிரி இருக்கும்னு சொல்வாங்க. கிட்டப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. ஒண்ணுமே காணோமே?"

நான் கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். மாமா உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எங்கக்கா நேத்து தேய்ச்சு எடுத்துட்டாங்க. கை மொரடா இருந்தா நீங்க தப்பா நெனைப்பீங்கன்னு."

அவர் வாயைப் பிளந்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்ன சிரிப்பு என்று உள்ளேயிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த மேட்ச் எப்போ?" என்றார்.

"ஒரு மாசம் இருக்குதுங்க."

"வந்துருமா?"

"வந்துரும்."

"அப்போ சரி. அக்காவுக்காகக் கையக் குடுத்த ஆளு, என் பொண்ணைக் கண் கலங்காமப் பாத்துக்குவீங்க," என்று சொல்லி நூலை வலது கையிலிருந்து எடுத்து, இடது கை விரலில் சுற்றினார். "மோதிரம் இங்கேயே இருக்கட்டும். அந்த வெரல் வேலை செய்யற வெரல்."

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மாமா என் காதோடு சொன்னார்: "பாப்பா, அவரு கேட்டதெல்லாம் அம்மாவுக்குத் தெரியக்கூடாது. மனசு ஒடிஞ்சு பூடும்." நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். செய்த சத்தியத்தைக் காப்பாற்றினேன். அப்படிக் காப்பாற்றியது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை தெரியவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் தந்தி வந்தது.

அந்த இன்னொரு ஸ்பின்னருக்கு அம்மை போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை தொடங்கும் மேட்ச்சில் அவருக்குப் பதிலாக மாமா ஆடவேண்டும். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவெல்லாம் போய்ச் சொன்னாள். "பூ வெச்ச மறுநாளே வந்துச்சு பாரு, பொண்ணு வர்ற அதிர்ஷ்டம்," என்று பாயசம் வைத்தாள். அப்பா ஆபீசிலிருந்து வரும்போதே பூமாலையோடு வந்தார். மாமா எல்லோருக்கும் சிரித்த முகத்தோடு பதில் சொன்னார். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். சுவரில் பத்துப் பன்னிரண்டு தடவை போட்டிருப்பார். நிறுத்திவிட்டு விரலைப் பார்த்தார். பந்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே வந்து, பாயசம் இன்னொரு டம்ளர் கேட்டார்.

அந்த நான்கு நாளும் அவர் படாத பாடில்லை. உப்புத் தண்ணீர், படிகாரம், சுட்ட மணல். கொல்லைச் சுவரில் விரலைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். ஆறு வருஷத்தில் வந்தது நான்கு நாளில் வருமா?

வெள்ளிக்கிழமை முழுக்க நம்மவர்கள் மட்டை பிடித்தார்கள். சனிக்கிழமை அப்பா லீவு போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தயிர்சாதமும் ஊறுகாயும் அம்மா கட்டிக்கொடுத்தாள். கல்லூரி மைதானத்தில் மூங்கில் கட்டிய கேலரியில் உட்கார்ந்தோம். வெள்ளைக்காரர்களை அத்தனை பேரை ஒரே இடத்தில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. வெயிலில் எல்லோருக்கும் கழுத்து சிவந்திருந்தது. பத்தரை மணி வாக்கில் மாமாவிடம் பந்தைக் கொடுத்தார்கள். போன சனிக்கிழமை இதே நேரத்துக்கு நான் சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன் என்ற நினைப்பு வந்தது.

முதல் ஓவர் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. உயரமான ஆட்டக்காரர் ஒருவர் காலை நீட்டி மட்டையை வைத்தார். பந்து மேட்டிங்கில் விழுந்து, நின்று, மட்டையைத் தாண்டித் திரும்பிப் போயிற்று. கேலரி முழுக்க ஓவென்றது. அடுத்த பந்தும் அப்படியே. மூன்றாவது ஓவரில் அதே ஆளின் மட்டை ஓரத்தில் பட்ட பந்து விக்கெட் கீப்பர் கையில் மாட்டியது. அப்பா எழுந்து நின்று துண்டைச் சுற்றினார். "பாத்தியா, எம் மச்சான்!" என்று முன்பின் தெரியாத ஆளின் தோளைப் பிடித்து உலுக்கினார். நானும் கத்தினேன். அந்தப் பத்து நிமிஷம், ஒருவேளை ஒன்றும் ஆகாது என்று நம்பிவிட்டேன்.

ஐந்தாவது ஓவர் முடிந்ததும் மாமா கைக்குட்டையை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் விரலில் பிளாஸ்திரியோடு வந்தார். பந்து போடுகிற கையில் அது கூடாது என்று அம்பயர் கையைக் காட்டினார். மாமா பிய்த்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் பந்து திரும்பவில்லை. விரலால் திருகவில்லை, உள்ளங்கையால் தள்ளினார். நம்மைப் போல வெளியில் இருப்பவர்களுக்குப் பார்க்க எல்லாம் ஒன்றுதான். அதே ஓட்டம், அதே கை வீச்சு. பந்து மட்டும் சாதுவாகப் போயிற்று. வெள்ளைக்காரர்கள் ஒன்றிரண்டு பந்து பார்த்தார்கள், பிறகு அடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பந்து எங்கள் கேலரிக்கே வந்து விழுந்தது. அவர் பந்தைத் தொடையில் தேய்க்கும்போது சிவப்புப் பட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டையும் விழுந்திருந்ததைப் பார்த்தேன். கொஞ்சம் பழுப்பாக.

"இவனெல்லாம் டெஸ்ட்டுக்கு ஆக மாட்டான். ஒரு அடி அடிச்சா ஓஞ்சுபோறான்," என்றார் பின்னாலிருந்த ஒருவர்.

அப்பா துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "பயந்துட்டான்," என்றார். "பெரிய ஆளுங்களப் பாத்ததும் பயந்துட்டான்."

இல்லையப்பா என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சத்தியம் செய்திருந்தேனே. தயிர்சாதத்தை முழுங்கினேன். அப்பாமேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் ரொம்ப வருஷம் இருந்தது, பாவம் அவர். தெரியாமல் சொன்னார். சாகும்வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டும் இருந்தார்: எம் மச்சான் கெட்டிக்காரன்தான், பெரிய மேட்ச் என்றால் கை உதறும். மாமா ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்கு விக்கெட் கீப்பர் மாமாவைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். கன்னடக்காரர், வாரத்தில் ஒரு நாளாவது எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர். கைக்குட்டை சுற்றிய கையைப் பார்த்ததும் அம்மா பதறிப்போய் என்ன ஆயிற்று என்று அவரிடம் கன்னடத்தில் கேட்டாள், "ஏனாயித்தப்பா?"

"சர்ம ஹோகிதெ அக்கா," என்றார் அவர். தோல் போய்விட்டது என்று அர்த்தம். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பாயில ஒரசிடுச்சுக்கா," என்று மாமா குறுக்கே பாய்ந்தார். "பந்தக் குனிஞ்சு எடுத்தேன். மேட்டிங் கயிறு அறுத்துடுச்சு."

அம்மா அவரைக் கூடத்தில் உட்காரவைத்துக் கைக்குட்டையைப் பிரித்தாள். துணி ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு விட்டு எடுத்தாள். மோதிர விரலில், மேல் கணுவுக்குப் பக்கத்தில், உள்பக்கமாக, புளியங்கொட்டை அளவுக்குச் சதை தெரிந்தது. மற்ற விரல்களில் ஒரு கீறல் இல்லை. புறங்கையில் இல்லை. அம்மா அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"பாயா?" என்றாள்.

"பாய்தான்க்கா."

"பாழாப் போன பாய்," என்றாள் அம்மா. மஞ்சளை இழைத்து வைத்துப் பழைய வேட்டித் துணியில் கட்டுப் போட்டாள்.

அன்றைக்கு அவள் செய்த இன்னொரு காரியமும் எனக்கு நினைவிருக்கிறது. பார்த்தேன், ஆனால் பத்து வயதில் அதற்கு அர்த்தம் தெரியவில்லை. மாமாவின் பேண்ட்டை வாங்கிக்கொண்டு போனவள் அண்டாப் பக்கமே போகவில்லை. சோடா உப்பை எடுக்கவில்லை. குழாயடியில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து அதில் ஊறவைத்தாள். இரத்தக்கறைக்கு வெந்நீர் ஆகாது, பச்சைத் தண்ணீர்தான் விடவேண்டும் என்று நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது தெரிய இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று.

மறுநாள் காலையில் நான் அந்தக் கல்லை எடுத்துத் தண்டவாளத்துப் பக்கம் வீசிவிடுவது என்று முடிவுசெய்து புழக்கடைக்குப் போனேன். மாடத்தில் கல் இல்லை. சுற்றுமுற்றும் தேடினேன்.

"அம்மா, இங்க ஒரு கல்லு இருந்துச்சே?"

"இன்னா கல்லு? தொலைஞ்சிருக்கும்," என்றாள், அடுப்பிலிருந்து திரும்பாமலே. அன்றிலிருந்து அவள் குதிகாலைத் தேங்காய் நாரால்தான் தேய்த்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வேறு கல் வரவேயில்லை.

டெஸ்ட் அணியின் பெயர்கள் பத்திரிகையில் வந்தன. மாமா பெயர் இல்லை. அந்த இடத்துக்குப் போனவர் நல்ல பந்துவீச்சாளர், ரொம்ப வருஷம் ஆடினார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது. அத்தை வந்தாள். மாமனார் மோதிரத்தை மாப்பிள்ளையின் இடது கையில் போட்டதைப் பார்த்து அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவரும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

காய்ப்பு மறுபடி வந்தது. டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டபோது மாமாவுக்கு இருபத்தொன்பது வயது, தோளில் வலி வந்துவிட்டிருந்தது. உள்நாட்டில் ஆடினார், ஒரு தடவை கப்பலேறி வெளிநாட்டுக்கும் போனார். நாரில் நின்று எழும்பிய பந்து அங்கே ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டு போயிற்று என்று வந்து சொன்னார். எனக்கு ஒரு தகர டப்பி நிறைய மிட்டாய் கொண்டுவந்தார். டப்பி எங்கேயோ போய்விட்டது. அவர் பெயர் கொஞ்ச நாள் பத்திரிகையில் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அன்றைக்கு விரல் சரியாக இருந்திருந்தால் அவர் பெரிய ஆளாகியிருப்பார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. புல் புல்தானே. ஆனால் இருபத்துநான்கு வயதில் போயிருந்தால் புல்லைக் கற்றுக்கொள்ள ஐந்து வருஷம் கிடைத்திருக்கும். இவ்வளவுதான் என் வருத்தம், அது சின்ன வருத்தமும் இல்லை.

அம்மா அந்தப் பாயின் கதையை நாற்பது வருஷம் சொன்னாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். "எந்தம்பி அன்னிக்கே டெஸ்ட்டு ஆடியிருப்பான், பாழாப் போன பாய் வெரல அறுத்துடுச்சு." சொல்லும்போது மாமா பக்கத்திலிருந்தால் தலையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். சனிக்கிழமைகளில் மாமா வீட்டுக்குப் போய்த் தம்பிக்குத் தலையில் எண்ணெய் வைக்கிற வழக்கத்தை அம்மா விடவில்லை. ஆனால் கிண்ணத்தை எடுக்கும் முன்னாலேயே, "கையத் தள்ளி வெச்சுக்க, எண்ண படப்போவுது," என்பாள். ஒவ்வொரு தடவையும் சொல்வாள். ஏதோ சாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய படிப்பெல்லாம் படித்தேன், இது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாமாவுக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. சாயங்காலம் நான்கு மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள். மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவார். அன்றைக்கு அம்மா கொஞ்சம் தெளிவாக இருந்தாள். அவர் வலது கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, மோதிர விரலைக் கட்டைவிரலால் தடவினாள். தடவித் தடவிப் பார்த்தாள்.

"இங்க இருந்தது எங்கடா?"

"பந்து பிடிச்சு முப்பது வருஷம் ஆச்சுக்கா. அதுவாப் பூடுச்சு."

அம்மா குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தேய்ச்சப்பவாவது போவாம இருந்திருக்கலாம்," என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சத்தியமாக நான் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணால், அன்றைக்குப் புழக்கடையில் சொன்ன மாதிரியே, பேசாதே என்றார். பிறகு அம்மா பக்கம் குனிந்தார்.

"நீ தேய்ச்சதுல ஒண்ணும் ஆகலக்கா. பாய்தான் அறுத்துச்சு."

"பாய்தானா?"

"பாய்தான்க்கா."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "பாழாப் போன பாய்," என்றாள். நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் அந்த விரலை விடவில்லை.